மேல்மாடிக்கு அனுப்பிய சாப்பாடு

தம்பி,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். படியேறும்போது என் முழங்கால் மட்டும் முறைப்பாடு செய்கிறது, அதற்கு எண்ணெய் பூசுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வாட்ஸ்அப் படம் சொல்கிறது. உன் வாயால் கேட்டு ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

இன்று காலை ஒன்பது மணியளவில், நீ என் போனில் போட்டுத் தந்த அந்த அறை வாடகைச் செயலி மணியடித்தது. வரும் வெள்ளிக்கிழமை தொடக்கம் மூன்று நாள், இரண்டு பேர், எங்கள் மேல்மாடி அறை. கேட்டிருப்பவர் பெயர் நிரோஜா. இரண்டாவது ஆளின் பெயர் இருந்த இடத்தில் உன் பெயர். கணக்கு உன் பெயரில், நீயே ஏற்றிருக்கலாம், ஆனால் எனக்கே விட்டிருக்கிறாய்; ஒரு நாளுக்குள் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று நான் பதில் கொடுக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற மகன் தன் வீட்டுக்கு வருவதற்கு இணையத்தில் இடம் கேட்கிறான் என்றால் எந்தத் தகப்பனுக்குக் கோபம் வராது? அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "உது எங்கடை பெடியன்ரை வேலைதான். உங்கடை குணம் அவனுக்கும் கொஞ்சம் வந்திருக்கு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

நீ என்ன கேட்கிறாய் என்பது எனக்கு விளங்குகிறது. நான் மறுத்தால் நீங்கள் இருவரும் கொழும்பிலேயே கலியாண எழுத்தை முடித்துக்கொள்வீர்கள். இந்த வாசல் படலையை அதன் பிறகு நீ தொடமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும், ஏழு வயதில் கோபித்துக்கொண்டு கிணற்றடியில் ஒரு பகல் முழுக்க இருந்தவன் நீ. ஆகவே என்ன பதில் கொடுத்தேன் என்று சொல்வதற்கு முன் சில விஷயங்களை எழுதிவைக்கிறேன். போனில் கதைத்தால் நான் இடையில் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய்.

அந்த மேல்மாடி உனக்குக் கலியாணமானால் இருப்பதற்கென்று கட்டியது. நீ கொழும்பில் வேலை எடுத்த பிறகு அங்கே அம்மாவின் வெங்காயம்தான் குடியிருந்தது. பொங்கலுக்கு வந்த நீ வெங்காயத்தைக் கீழே இறக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, படம் பிடித்து, அந்தச் செயலியில் போட்டாய். "ஆரெண்டு தெரியாத சனத்தை வீட்டுக்கை விடுறதோ? உனக்கென்ன விசரோ?" என்று நான் துள்ளினேன். நீ நிமிர்ந்தும் பார்க்காமல், "அவையளும் உங்களை ஆரெண்டு தெரியாமல்தானே அப்பா வருகினம்" என்றாய்.

நான் தபால் அதிபராக இருந்தவன். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்குப் புதிதான விஷயமல்ல. ஆனால் தபாலில் நடுவே அரசாங்கம் இருந்தது, முத்திரை இருந்தது, தொலைந்துபோனால் வந்து ஏச ஒரு தபால் கந்தோர் இருந்தது. இந்தக் கம்பனிக்கு ஒரு கட்டில்கூடச் சொந்தமில்லை. ஒரு தலையணை உறையை அது தோய்த்ததில்லை. கட்டில் என்னுடையது, முதுகு வருகிறவனுடையது. இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் காட்டிவிட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய தண்ணீர்ப் பம்பை இன்னொரு தளத்தில் போட, பருத்தித்துறையிலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து தூக்கிக்கொண்டு போனான். நீ கொழும்பில் ஏறுகிற ஓட்டோவும் அப்படித்தான் வருகிறது. தனியாளும் தனியாளும் நேரே கொடுக்கல் வாங்கல் செய்வது என்று நீ எனக்கு விளக்கினாய். நேரே என்பதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். நடுவில் நிற்கிறவன் ஒதுங்கி நிற்கிறான், அவ்வளவுதான்.

எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. நம் பக்கத்தில் வெளியாள் ஒருவர் படலையைத் தட்டினால் முதலாவது கேள்வி, ஆர் அனுப்பினது என்பதுதான். இன்னாரின் மச்சான், இன்னாரோடு படித்தவர் என்று ஒரு பெயர் வந்தால்தான் இருக்கக் கதிரை வரும். இந்தச் செயலியில் அனுப்பியவர் என்று யாருமில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் எழுதிவைத்த நாலு வரியும் நட்சத்திரங்களும்தான் பிணை. ஜேர்மனியிலிருந்து சைக்கிளோடு ஒரு பிள்ளை முதலில் வந்தாள். பதிவுத் தபாலைப் பார்ப்பதுபோல அவளுடைய பாஸ்போட்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். அவள் அம்மாவின் புட்டையும் மாம்பழத்தையும் கையால் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனாள். பிறகு குருநாகலிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. எங்கள் மேசையிலேயே இருந்து சாப்பிட்டார்கள், அந்தப் பெண் அம்மாவிடம் சம்பல் இடிக்கப் பழகினாள். 'வீட்டாரோடு ஒரே மேசையில் சாப்பிடலாம்' என்று நீ விளம்பரத்தில் எழுதிய வரிக்காகவே பலர் வந்தார்கள். எனக்கு மெல்ல மெல்லத் தலைக்கனம் பிடித்தது. காலையில் பேப்பரில் மரண அறிவித்தல் பார்ப்பதற்கு முன் போனில் நட்சத்திரம் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

ஜேர்மன்காரியிடமோ குருநாகல் குடும்பத்திடமோ தகப்பன் ஆர், எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு என் கணக்கில் நாடு இருந்தது, ஊர் இருந்தது, இன்ன சந்து, இன்ன ஒழுங்கை என்பது இருக்கவில்லை. நம்முடைய ஆட்களுக்கு மட்டும்தான் ஒழுங்கை இருக்கிறது. முகவரி பார்த்தே காலம் கழித்தவன் நான். ஒரு கடித உறையைப் பார்த்தால் அந்த வீட்டில் யார், என்ன ஆட்கள், யார் யார் வீட்டுக்குள் போவார்கள், யார் முற்றத்தோடு நிற்பார்கள் என்பதெல்லாம் என் தலையில் தானாக ஓடும். அதை நான் அறிவு என்று நினைத்திருந்தேன்.

போன ஆவணியில் பிரான்சிலிருந்து ஒரு குடும்பம் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். றஜீவன், அவனுடைய மனைவி, சின்னப் பெண்பிள்ளை ஒன்று. நீதான் கொழும்பிலிருந்தே அந்தக் கோரிக்கையை ஏற்றாய். மத்தியானம் வந்து சேர்ந்தார்கள், எங்களோடு மேசையில் இருந்தார்கள். அம்மா கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் வைத்திருந்தாள். அந்தக் குழந்தை முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் முழித்தது, நான்தான் பிரித்துக் கொடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. சோறு பாதியில் நான் கேட்டேன், "தம்பிக்கு அடி எந்த இடம்?"

அவன் சந்தோஷமாகச் சொன்னான். "இஞ்சை பக்கத்திலைதான் ஐயா. தபால் கந்தோருக்குப் பின்னாலை போற ஒழுங்கை எண்டு அம்மா சொல்லுவா. அப்பா செத்துப்போனார். அவர் பிறந்த இடத்தை இவளுக்குக் காட்டத்தான் வந்தனாங்கள்."

அது நான் வேலை செய்த கந்தோர். அந்த ஒழுங்கைக்குள் எங்கள் தபால்காரர் போகமாட்டார். முகப்பில் இருந்த கடையில் கட்டாகக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அங்கிருந்து அவரவர் வந்து பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். கந்தோர்ப் பொறுப்பு என்னுடையது. ஏன் உள்ளே போகவில்லை என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாதபடி எனக்குக் காரணம் தெரியும்.

மேசையில் என் சோற்றை முடித்தேன். கை கழுவிவிட்டுக் குசினிக்குப் போய் அம்மாவிடம், "பின்னேரத்திலையிருந்து அவையின்ரை சாப்பாட்டை மேலை அனுப்பிவிடும்" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன், மேசைக்கு என்ன வந்தது?" என்றாள். நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். பின்னேரம் தட்டம் மேலே போனது. அடுத்த நாளும் போனது. ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக் கோப்பைகளை றஜீவனே கழுவி, குசினி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் தங்கிய வேறு யாரும் கோப்பை கழுவியதில்லை.

அவர்கள் போன பிறகு அந்தச் செயலி வழக்கம்போல இரண்டு பக்கத்திடமும் அபிப்பிராயம் கேட்டது. அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இருவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, பிறகு இரண்டும் ஒன்றாகத் திறக்கும். நான் என் தாராள மனத்தை நானே மெச்சிக்கொண்டு, 'அமைதியான குடும்பம். மிகவும் சுத்தமானவர்கள்' என்று எழுதினேன். அந்த 'சுத்தம்' எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. அவன் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான். கீழே எழுதியிருந்தான்: 'அறை நல்லது. அம்மாவின் சமையல் மிக நல்லது. முதல் நாள் மத்தியானம் வீட்டாரோடு சாப்பிட்டோம். பின்னேரத்திலிருந்து மேலே அனுப்பினார்கள். என் அப்பா சொன்ன ஊரை முழுமையாகப் பார்த்துவிட்டோம்.'

கணக்கு உன் பெயரில் இருப்பதால் என்னிலும் முதல் நீதான் வாசித்தாய். போன் எடுத்து, "ஏனப்பா மேலை அனுப்பினனீங்கள்?" என்று கேட்டாய். நான், "அம்மாவுக்கு ஏலாமல் போச்சு, மேசை போட" என்றேன். அம்மா பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும், "எனக்கு என்ன வருத்தமெண்டும் சொல்லிவிட்டிருக்கலாமே. டொக்டரிட்டை போகேக்கை எனக்கும் சொல்ல வசதியாயிருக்கும்" என்றாள். இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. கலியாணம் கட்டப்போகிற உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான், ஆனாலும் இதைக் கேள். பொய் சொல்லத்தான் வேண்டுமென்றால் உன் பெயரில் சொல், பெண்சாதியின் வருத்தத்தின் பெயரில் சொல்லாதே. மனதில் உள்ளதை அந்தச் செயலி மாதிரிக் கடைசி நாள்வரை மூடி வைக்கவும் வேண்டாம். அம்மா என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது எனக்கு இந்த வயதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அறைச் செயலி பழகிய கையோடு நான் உன்னை ஒரு கலியாண இணையத்தளத்தில் பதிந்துவிட்டேன். உயரம், சம்பளம், நட்சத்திரம், எல்லாம் நிரப்பினேன். அந்த நட்சத்திரம் வேறு, சாத்திரியார் பார்க்கிறது. அங்கே நான் மேசையில் கேட்ட கேள்விக்கே ஒரு பெட்டி இருந்தது. பெரிய பட்டியல் விரிந்தது. ஒன்றேயொன்றில் சரி போட்டேன். பதினேழு சாதகம் வந்தது. இதிலும் ஆளும் ஆளும் நேரே தொடர்பு, நடுவில் தரகர் இல்லை, எல்லாம் நீ சொன்ன மாதிரித்தான். ஆகவே இந்தப் புதுத் தளங்கள் வந்ததால் மனிதர் திருந்திவிடுவார்கள் என்று நீ நம்பாதே. கட்டில் தேடுகிறவனுக்கு அந்தப் பெட்டி தேவைப்படவில்லை, அதனால் வைக்கவில்லை. மருமகள் தேடுகிற என் போன்றவனுக்குத் தேவைப்பட்டது, வைத்துத் தந்தார்கள். சரி போட்டது என் விரல். நேற்றுவரை அதை அழிக்கவில்லை, இன்று அழித்தேன்.

ஐந்து கிழமைக்கு முன் நீ நிரோஜாவைப் பற்றிச் சொன்னாய். கூட வேலை செய்கிறாள், நல்ல பிள்ளை, கூட்டிக்கொண்டு வரவோ என்று கேட்டாய். அவளுக்கு என்ன வயது, என்ன படித்தாள், தாய் தகப்பன் சுகமாக இருக்கிறார்களா, கேட்க எவ்வளவோ இருந்தது. என் வாய், "எந்த இடம்? தகப்பன் ஆர்?" என்று கேட்டது. "வாடகைக்கு வாற சனத்துக்கெல்லாம் கதவைத் திறந்து வைச்சிருக்கிறியள் அப்பா. நான் கூட்டிக்கொண்டு வாறவளுக்கு மட்டும் விலாசம் வேணுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். நான் திருப்பி எடுக்கவில்லை. வீம்பு. வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

இனி இன்று நடந்ததைச் சொல்கிறேன். நீ உரிமையோடு அறிந்துகொள்ள வேண்டியது அது. அம்மாவிடம் காட்டிய பிறகு நான் முன்கூடத்தில் வந்திருந்து அந்தப் பிள்ளையின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். விபரத்தில் 'கொழும்பில் வசிக்கிறார்' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் தோண்டினேன், ஒன்றுமில்லை. பிறகு மறுக்கிறேன் என்பதை அமத்தினேன். ஓம், அமத்தினேன், உன்னிடம் மறைக்கவில்லை. அது உடனே மறுத்துவிடவில்லை, காரணம் கேட்டது. கீழே வரிசையாகக் காரணங்கள் இருந்தன. திகதி சரிவரவில்லை. அறையில் திருத்தவேலை நடக்கிறது. வீட்டு விதிகளுக்குப் பொருந்தாது. மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தேன். என்னுடைய காரணம் அதில் இல்லை. கடைசியில் 'வேறு' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது.

அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. "எழுதுங்கோ பாப்பம்" என்றாள். "நானும் வாசிக்கிறன். எத்தினை வருஷமா எனக்குச் சொல்லாமலே என்னைக்கொண்டு செய்விச்சனீங்கள், இண்டைக்கு எழுத்திலை பாப்பம்." நான் 'எங்கள்' என்று எழுதினேன். அதற்கடுத்த சொல் எதுவானாலும் அந்தப் பிள்ளை வாசிப்பாள், நீ வாசிப்பாய். கந்தோரில் இருந்த காலம் முழுக்க நான் அந்தக் காரணத்தை எங்கும் எழுதியதில்லை, யாரும் என்னிடம் எழுதிக் கேட்டதும் இல்லை. எழுதாமலே எல்லாம் நடந்தது. இருந்த ஒரு சொல்லையும் அழித்தேன்.

அம்மா போனை வாங்கினாள். அவளுக்கு உதெல்லாம் தெரியாது என்று நினைத்திருந்தேன், என்னிலும் கெதியாக விரலை ஓட்டினாள். கோரிக்கைக்குக் கீழே அந்தப் பிள்ளை ஒரு செய்தி எழுதியிருக்கிறாள், நான் பெயரைக் கண்ட பதற்றத்தில் அதைத் திறக்கவேயில்லை. அம்மா உரத்து வாசித்தாள். 'வணக்கம். உங்கள் வீட்டைப் பற்றி எல்லோரும் எழுதியதை வாசித்தேன், றஜீவன் எழுதியதையும். எங்களுக்குச் சாப்பாடு கீழேயா, மேலேயா என்று முதலே சொன்னால் நல்லது. மேலே என்றால் நாங்கள் வரவில்லை, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.'

தம்பி, அவள் அதை வாசித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். உன் சொல்லை மட்டும் நம்பி வரவில்லை, முன்பின் தெரியாத ஒருவன் எழுதிய நாலு வரியை வாசித்து, இது எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துகொண்டு, மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். பிரான்சில் எங்கோ இருக்கிற றஜீவன் அவளுக்கு என்னைப் பற்றி எச்சரிக்கை கொடுத்திருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அம்மா போனை என் கையில் திருப்பித் தந்து, "அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்கோ" என்றாள்.

கீழே என்று எழுதினேன். ஏற்கிறேன் என்பதை அமத்தினேன். பிறகு றஜீவன் எழுதியதற்கு அடியில் வீட்டுக்காரர் மறுமொழி எழுதுகிற இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி, 'சாப்பாட்டை மேலே அனுப்பச் சொன்னது நான். என் மனைவிக்கு இதில் பங்கில்லை. நான் செய்தது பிழை' என்று போட்டேன். நட்சத்திரம் குறைந்தால் குறையட்டும். அவனுக்குத் தனியாகவும் ஒரு செய்தி எழுதினேன். வாசித்துவிட்டான் என்று காட்டுகிறது, பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை கிடையாது.

நிரோஜா எந்த இடம், தகப்பன் ஆர் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குத் தெரியாது. தெரியாமலே ஏற்றிருக்கிறேன். ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நீ அவளைக் கூட்டிவர வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் எனக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசையும்போது அந்தக் கேள்வி என் தொண்டைவரை வரும். எனக்கு என்னைத் தெரியும். விழுங்கப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அது என் வாயிலிருந்து வெளியே வந்தால், நீ என்னோடு வாதாட வேண்டாம், அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். நிரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போ. நான் பின்னால் வந்து கூப்பிட்டாலும் நிற்காதே.

அப்பா